ராசியில்லாத லைட்

என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது, மற்ற புருஷன்மார்கள் கேட்கிற எதையும் நான் கேட்கவில்லை. ஆபத்து உண்டா, ரத்தம் ஏற்ற வேண்டுமா, எவ்வளவு நாள் படுக்கையில் இருக்க வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை. "எந்த தியேட்டர்ல மேடம்?" என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "தொழில் புத்தி போகுதா பாருங்க. நீங்க மாட்டிக் குடுத்தீங்கல்ல, அந்த லைட் இருக்கற தியேட்டர்லதான். சந்தோஷமா?"

சந்தோஷமாவது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி தலையைக் குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் தியேட்டர் லைட்டுகளை மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் என் பிழைப்பு. வீடு கடலூரில். வேலை பாண்டிச்சேரியில் ஆரம்பித்து சிதம்பரம் வரைக்கும், நடுவில் எங்கே கூப்பிட்டாலும் போவேன். இதை ஏதோ ட்யூப் லைட் மாட்டுகிற வேலை என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். பெண் பார்க்கப் போன அன்று என் மாமனாரே "எலெக்ட்ரீஷியனா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மேல்தளத்தில் துளை போட்டு, போல்ட் முடுக்கி, அதிலிருந்து இரும்புக் கையைத் தொங்கவிட்டு, கையின் நுனியில் தாம்பாளம் அளவுக்கு விளக்கைப் பூட்ட வேண்டும். டாக்டர் எந்த இடத்தில் விடுகிறாரோ அந்த இடத்திலேயே அது நிற்க வேண்டும். வயிற்றைத் திறந்து வைத்திருக்கும்போது விரற்கடை இறங்கினாலும் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். நிழலும் விழக் கூடாது. தாம்பாளம் முழுக்கச் சின்னச் சின்ன பல்புகளாக வைத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி சாய்த்திருப்பார்கள். ஒரு பக்கத்து வெளிச்சத்தை டாக்டரின் தலை மறைத்தால் இன்னொரு பக்கத்து வெளிச்சம் உள்ளே போகும். குனிந்து நிற்கிறவரின் நிழல் நோயாளியின் வயிற்றுக்குள் விழக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

டாக்டரம்மா சொன்ன அந்த லைட் இப்போது இருப்பது சிதம்பரத்தில், அவருடைய மருத்துவமனையில். ஆனால் நான் அதை முதலில் மாட்டியது கடலூரில். அங்கே ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். பழைய தியேட்டரை இடித்துவிட்டு, தரைக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு வழவழவென்று புதிதாகக் கட்டியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

இந்தப் பக்கத்தில் புது தியேட்டர் திறந்தால் முதல் கேஸ் பிரசவமாக இருக்க வேண்டும். எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் மீறுகிற டாக்டரை நான் பார்த்ததில்லை. கடைக்காரன் காலையில் போணி பார்க்கிறான் இல்லையா, அந்தக் கணக்குதான். சர்க்கரைப் புண் வந்து காலை எடுக்கிற கேஸை முதலில் விட மாட்டார்கள். நல்ல நேரம் பார்த்து ஒரு சிசேரியன். உள்ளே போனது ஒரு உயிர், வெளியே வந்தது இரண்டு உயிர். அன்றைக்கும் ஜோசியரிடம் நேரம் வாங்கிக்கொண்டு ஒரு குடும்பம் மாலையும் சாக்லேட்டுமாக வந்து காத்திருந்தது.

நான் கடைசியாக ஒரு தடவை சரிபார்க்க உள்ளே போனேன். லைட்டின் கண்ணாடியில் மூன்று இடத்தில் சந்தனம் அப்பி அதன் மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். காய்ந்து உதிர்ந்தால் நேரே நோயாளியின் வயிற்றுக்குள் விழும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அழிக்க ஆரம்பித்தேன்.

"அண்ணே, அண்ணே, வெச்ச பொட்ட அழிக்காதீங்கண்ணே. நல்லதில்ல," என்றாள் நர்ஸ்.

"வவுத்துக்குள்ள குங்குமம் விழுந்தா மட்டும் நல்லதா?" என்று கத்திவிட்டு மிச்சத்தையும் துடைத்தேன். கிறிஸ்தவன் அழித்துவிட்டான் என்று அங்கே யாராவது நினைத்திருக்கலாம். எனக்கு எந்த மதத்துப் பொட்டும் ஒன்றுதான். புது பைக் வாங்கியபோது மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டு வந்து என் மனைவி தெளித்தாள், ஹெட்லைட்டில் படாமல் தெளி என்று அவளிடமும் சண்டை போட்டவன் நான்.

நல்ல நேரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து ஒரு ஆளைக் கொண்டு வந்தார்கள். வரப்பில் ஏறிய டிராக்டர் கவிழ்ந்து அடியில் மாட்டிக்கொண்டவர். வெளியே ஒரு சிராய்ப்புகூட இல்லை, ஆனால் வயிறு பானை மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. "பாண்டிக்கு அனுப்பிடலாம் சார்," என்று யாரோ சொன்னார்கள். எங்கள் ஊரில் எதற்கும் அதுதான் முதல் பேச்சு. டாக்டர் ஆளைத் தொட்டுப் பார்த்தார், மாலையோடு நின்ற குடும்பத்தைப் பார்த்தார். பிறகு "உள்ள தள்ளுங்க" என்றார். பழைய தியேட்டர்தான் இடித்தாகிவிட்டதே. அந்த ஒரு வார்த்தைக்காக அந்த டாக்டர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

அந்த ஆள் பிழைக்கவில்லை. ஈரல் கிழிந்துவிட்டது என்றார்கள். திறந்து பார்த்தபோதே கையை மீறிப் போயிருந்தது.

சிசேரியனுக்கு வந்த குடும்பம் மாலையை எடுத்துக்கொண்டு வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த தியேட்டரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்தத் தையல் சீழ் பிடித்தாலும், ஏசி நின்றாலும், பழி லைட்டின் மேல் விழுந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்தை இடிக்க முடியாது, டாக்டரை மாற்ற முடியாது, டிராக்டரோ குறிஞ்சிப்பாடியில் இருக்கிறது. கையில் அகப்பட்டது லைட் ஒன்றுதான். "பொட்ட அழிச்சாரே அந்த ஆளு, அன்னிக்கே எனக்கு மனசு ஒரு மாதிரியா இருந்திச்சு," என்று அந்த நர்ஸ் வேறு சொல்லிக்கொண்டு திரிந்தாளாம்.

கடைசியில் டாக்டர் கூப்பிட்டார். "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்க இல்லப்பா. ஆனா ஸ்டாஃப் உள்ள வரவே யோசிக்கறாங்க. வேற மாட்டிடு." நான் வெளிச்சத்தை அளந்தேன், கையை ஆட்டிப் பார்த்தேன், அடியில் உள்ளங்கையைப் பிடித்து நிழல் விழுகிறதா என்று பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கழற்றி வண்டியில் ஏற்றினோம். அப்போது சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மா நல்ல லைட் ஒன்று தேடிக்கொண்டிருந்தார். அங்கே மாட்டினேன். அதற்குப் பிறகு அதன் அடியில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, இப்போது பள்ளிக்கூடம் போகின்றன. ராசி கெட்டது என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்தக் கதையை நான் வீட்டில் சொல்லிச் சிரிக்காத நாள் இல்லை. கல்யாணம், காதுகுத்து, சொந்தக்காரர்கள் கூடுகிற இடமெல்லாம் இதுதான் என் கச்சேரி. "காக்கா உக்கார பனம்பழம் விழுந்திச்சாம். படிச்சவனுங்க மாமா, படிச்சவனுங்க! லைட்டு ஆளக் கொல்லுமா?" மச்சான்கள் தொடையைத் தட்டிச் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள்.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். சில மாதங்களாக உதிரப்போக்கு நிற்காமல் இருந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்த பிறகுதான் எனக்கே தெரியும். ஸ்கேனில் பெரிய கட்டி. அவளுடைய அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடமே காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அந்த டாக்டரம்மா யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ரத்தம் மிகக் குறைவு, முதலில் ரத்தம் ஏற்றிவிட்டுத்தான் கையை வைக்க முடியும் என்றார். ஏற்றினார்கள். நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின நாள் அவளை வார்டில் படுக்க வைத்துவிட்டு தியேட்டருக்குள் போய் அந்த லைட்டின் அடியில் நின்றேன். அதைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஒவ்வொரு திருகும் என் கைபட்டது. இருந்தும் வயிறு உப்பிப்போன அந்தக் குறிஞ்சிப்பாடி ஆள்தான் கண்ணில் நின்றார். நான் பொட்டை அழித்ததும் ஞாபகத்துக்கு வந்தது. சீ, என்ன மனுஷன் நான் என்று இருந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதை யாராவது பார்க்க வேண்டும் என்றால் அன்றைக்கு என்னைப் பார்த்திருக்கலாம்.

தியேட்டர் சிஸ்டர் உள்ளே வந்தார். என் வாய் தானாகத் திறந்தது.

"சிஸ்டர், இதுல ஸ்பிரிங் தளர்ந்திருக்கு. லைட்டோட தல எறங்குது. நாளைக்கி இங்க பக்கத்துல இருக்கற பழைய தியேட்டர்ல வெச்சிக்கச் சொல்லுங்க."

சிஸ்டர் லைட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். விட்ட இடத்தில் கல் மாதிரி நின்றது. "எங்கண்ணே எறங்குது?"

"சூடானாத்தான் சிஸ்டர் எறங்கும்."

இது சூடே ஆகாத லைட் என்று பாண்டியிலிருந்து சிதம்பரம் வரை சொல்லிச் சொல்லி விற்கிறவன் நான். சிஸ்டர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் போனார். அடுத்த நிமிஷம் டாக்டரம்மாவே வந்துவிட்டார்.

"பழைய தியேட்டர் லைட்டு சின்னச் சின்ன கேஸுக்குத்தான். உங்க வீட்டம்மாவுக்குக் கட்டி அடியில, ஆழத்துல இருக்கு. அந்த வெளிச்சத்துல நான் கை வைக்க மாட்டேன். ஒண்ணு இத இப்பவே சரி பண்ணுங்க, இல்லன்னா தள்ளிப் போடுவோம். ஆனா தள்ளிப் போட்டா மறுபடி ரத்தம் போகும், ஏத்தினது எல்லாம் வீண். அதயும் யோசிச்சிக்குங்க."

யோசிக்க என்ன இருக்கிறது. "சரி பண்ணிடறேன் மேடம்," என்றேன். ஏணி கொண்டு வந்து ஏறி, சரியாக இருந்த திருகைக் கழற்றி, மறுபடி அதே திருகைப் போட்டு முடுக்கினேன். எண்ணெய் விட்டேன். இரண்டு தடவை இருமினேன். கீழே டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆச்சா?"

"ஆச்சி மேடம்."

"நடுவுல எறங்கினா நான் யாரத் தேடறது? நாளைக்கி நீங்களும் உள்ள நில்லுங்க. ட்ரெஸ் மாத்திக்கிட்டு, மாஸ்க் போட்டுக்கிட்டு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

வார்டுக்குப் போனேன். அதற்குள் விஷயம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"லைட்டுல ஏதோ கோளாறாமே?" என்றாள்.

"சின்ன வேல. முடிஞ்சிடிச்சி."

"அந்த லைட்டுதான?"

"எந்த லைட்டு?"

"மாமா."

"ஆமா. அந்த லைட்டுதான்."

அவள் தலையணையைத் தட்டிச் சரி செய்துகொண்டாள். "அதுக்கென்ன இப்ப? நீங்கதான சொல்லுவீங்க, காக்கா உக்கார பனம்பழம் விழுந்திச்சின்னு. எனக்கு ஒரு பயமும் இல்ல. நீங்க போயி சாப்டுட்டு வாங்க." சோதனைக்கு வருகிற அதிகாரியிடம் "முட்ட எல்லாம் சரியா இருக்குது சார்" என்று சொல்வாளே, அதே குரல்.

எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. இவளுக்கு மட்டும் எப்படிப் பயம் இல்லாமல் போகும்? இவளே வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு நான் பாண்டிக்காவது கூட்டிக்கொண்டு போயிருப்பேன். சொன்னது அவள் என்று ஆகிவிடும், என் மானமும் பிழைத்திருக்கும். போய் இரண்டு இட்லி தின்றேன்.

மறுநாள் காலையில் சிலுவை கோத்த தாலிச் சங்கிலியைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் உள்ளே வரப்போவதை அவளிடம் சொல்லவில்லை. என்ன சொல்லி வருவது? பச்சை உடுப்பு, தொப்பி, மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டு அவளுடைய கால்மாட்டுப் பக்கம் சுவரை ஒட்டி நின்றேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்கள். நெஞ்சுக்குக் குறுக்கே துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவளும் மயக்க டாக்டரும். இந்தப் பக்கம் அவளுடைய வயிறும் டாக்டரம்மாவும் நானும். அவளுடைய குரல் மட்டும் கேட்டது. பிள்ளைகள் முட்டையை எப்படியெல்லாம் பாதியில் வைத்துவிட்டு ஓடுகிறார்கள் என்று மயக்க டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்த தியேட்டர்கள் எல்லாம் காலி தியேட்டர்கள். லைட்டை மாட்டுகிறவன் அதன் அடியில் நடப்பதைப் பார்ப்பதில்லை. அன்றைக்குப் பார்த்தேன். தோல், அதன் அடியில் மஞ்சளாகக் கொழுப்பு, அதற்கும் அடியில் எனக்குப் பெயர் தெரியாதவை. இவ்வளவு வருஷம் கூடக் குடும்பம் நடத்திய உடம்பு. ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு மூலையில்கூட நிழல் இல்லை. நல்ல வெளிச்சம் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது, தோன்றிய உடனே என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திடீரென்று டாக்டரம்மாவின் கை வேகம் மாறியது. பள்ளத்தில் ரத்தம் ஊறி நிறைந்தது. உறிஞ்சும் குழாய் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது, பள்ளம் மட்டும் வற்றவில்லை. டாக்டரம்மாவின் இரண்டு கையும் உள்ளே. எதிரே நின்ற உதவி டாக்டரின் இரண்டு கையும் உள்ளே.

"தெரியல எனக்கு. லைட்ட எறக்குங்க. எடது பக்கம்."

சிஸ்டர் ரத்தப் பையை மாற்றிக்கொண்டிருந்தார். சும்மா நின்றது நான் ஒருவன்தான்.

"அந்த நடுப்பிடியத் தொடாதீங்க, அது நாங்க தொடறது! வெளி விளிம்பப் புடிங்க. இன்னும். இன்னும் எறக்குங்க. ஆங், விடுங்க!"

விட்டேன். லைட் அசையாமல் நின்றது. வெளிச்சம் பள்ளத்தின் அடிவரை போயிற்று. அதைப் பார்க்கவும் முடியவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. மாதாவே, மாதாவே என்று மட்டும் வாய் முணுமுணுத்தது.

"புடிச்சாச்சி," என்றார் டாக்டரம்மா. யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னார். கொஞ்ச நேரத்தில் உறிஞ்சும் குழாயின் சத்தம் நின்றது. பிறகு கட்டியோடு சேர்த்துக் கர்ப்பப்பையை எடுத்து ட்ரேயில் வைத்தார்கள். முட்டையைப் பற்றிய பேச்சு எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை.

தையல் ஆரம்பமாயிற்று. "அவ்ளோதாம்மா, முடிஞ்சிருச்சி. பிரஷர் எல்லாம் நல்லா இருக்கு. இனி தையல்தான்," என்றார் மயக்க டாக்டர்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் மெதுவாக வந்தது. "டாக்டர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"இந்த லைட்ட என் கண்ணுல படாம அந்தாண்ட திருப்ப முடியுமா? அதப் பாத்தாலே பயமா இருக்கு. நேத்திலேர்ந்து ரொம்ப பயமா இருக்கு. எங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவரு மாட்டுனது. தெரிஞ்சா ஒடஞ்சி பூடுவாரு."

மயக்க டாக்டர் திரைக்கு மேலாக என்னைப் பார்த்தார். டாக்டரம்மா தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் ஊசி அப்படியே நின்றது.

நான் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு அவளுடைய தலைமாட்டுக்குப் போனேன். தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் கண் மட்டும்தான் தெரிந்திருக்கும். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

"எனக்கும் பயந்தான்டி," என்றேன்.

அவளுடைய கண்ணில் நீர் நிறைந்து காதுப் பக்கமாக வழிந்தது. இரண்டு கையையும் பக்கத்துப் பலகைகளில் கட்டியிருந்தார்கள், அவளால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. நான் துடைத்துவிட்டேன்.

"அடப்பாவி மாமா," என்றாள். "அத நேத்தே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? ரெண்டு பேரும் ஒண்ணா பயந்திருக்கலாமில்ல?"